ஒரு கொக்கி மாட்டாத 70 கிலோமீட்டர்: சிறு பயணம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காலை 6 மணிக்குக் கிளம்பினால் 9 மணிக்குள் போய்விடலாம் என்பது எங்கள் கணக்கு. போய்ச் சேர்ந்தபோது மணி 11:50. இடையில் மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான், ஒரு டயர் பஞ்சரானது, பூட்டிய காருக்குள் அவன் ஒன்பது நிமிடம் இருந்தான். கேட்டவர்கள் எல்லோரும் "நல்லவேளை, ஒண்ணும் ஆகலை" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அந்த 'ஒண்ணும் ஆகலை'யை என்னால் அப்படியே விட முடியவில்லை. போய் இறங்கிய இடத்தில் மகனைத் தூக்குவதற்காக அவன் இருக்கையின் தோள்பட்டையை இழுத்தேன். வலது பட்டை முழுதாக என் கையோடு வந்துவிட்டது. இருக்கைக்குப் பின்னால் அது எதிலும் மாட்டியிருக்கவில்லை.

அது எப்போது கழன்றது, ஏன் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆய்வு. வாந்தியும் பஞ்சரும் பூட்டும் இதில் வருகின்றன, ஏனென்றால் அவை வழியாகத்தான் அந்தப் பட்டைக்குப் போக முடிகிறது.

யார், எதில், எப்படித் தொகுத்தோம்

மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம், எடை 14 கிலோ. பின் சீட்டில் முன்பக்கம் பார்த்து வைத்த குழந்தை இருக்கை. இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் பட்டை. காரை ஓட்டியது நான். கணவர் பின்னால், மகனுக்குப் பக்கத்தில். மொத்தத் தூரம் 120 கி.மீ. முதல் 45 கி.மீ. சமதளம், பிறகு வளைவுகள் நிறைந்த ஏற்றம், அதன்பின் மறுபடி சமதளம். மழை இல்லை, நல்ல வெயில்.

மறுநாள் இரவு மகன் தூங்கிய பிறகு, அவரும் நானும் ஆளுக்கொரு தாளில் நடந்ததைத் தனித்தனியாக எழுதினோம். கைபேசியின் அழைப்புப் பதிவையும் படங்கள் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறகு இரண்டையும் ஒப்பிட்டோம். சேர்ந்து உட்கார்ந்து பேசியிருந்தால் ஒருவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டியிருப்போம். தனித்தனியாக எழுதியதால்தான் பொருந்தாத இடம் கண்ணில் பட்டது. அவர் தாளில், "பட்டையை அவள் மாட்டிப் பார்த்துவிட்டாள்." என் தாளில், "பட்டையை அவர் இழுத்துப் பார்த்துவிட்டார்."

கொட்டாவி

கிளம்பும்போதே ஒரு மணி பத்து நிமிடம் தாமதம். மகன் எழவில்லை, எழுந்தபின் சாப்பிடவில்லை. வழியில் பசிக்குமே என்று 7 மணிக்கு ஒரு டம்ளர் பாலை அவசரமாகக் குடிக்க வைத்தேன். 7:10-க்கு வண்டி நகர்ந்தது. நிறைந்த வயிறு, ஒரு மணி நேரத்தில் வளைவுப் பாதை. இதை அன்று நான் யோசிக்கவே இல்லை.

8 மணிக்கு அவன் நச்சரிக்கத் தொடங்கினான். அவர் கைபேசியில் படம் போட்டுக் கொடுத்தார். பிள்ளை அடங்கிவிட்டான். 8:12-க்கு ஒரு கொட்டாவி, கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. "தூக்கம் வருது போல" என்றார் அவர். நானும் நம்பினேன். அவன் முகம் வெளுத்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார், வெயிலின் வெளிச்சம் என்று நினைத்திருக்கிறார். 8:20-க்கு அத்தனை பாலும் வெளியே வந்தது.

காரில் போகும்போது குமட்டுவது ஏன் என்பது பலருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்புகள் உடல் திரும்புவதையும் குலுங்குவதையும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கண்ணோ ஒரு சின்னத் திரையில் அசையாமல் நிற்கிறது. காது 'போகிறோம்' என்கிறது, கண் 'இல்லை' என்கிறது. இந்த முரண்தான் குமட்டலுக்கு மூலம். இரண்டு வயதுக்குக் கீழ் இது அரிது; 2 முதல் 12 வயது வரை அதிகம். குழந்தை இருக்கை தாழ்வாக இருந்தால் பிள்ளைக்குச் சாலையும் தெரியாது, தொடுவானமும் தெரியாது. தெரிவதெல்லாம் முன் சீட்டின் முதுகு. அதன் மேல் கைபேசியையும் கொடுத்தால், இருக்கிற ஒரு வழியையும் நாமே அடைக்கிறோம்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு "குமட்டுது" என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்குது என்பான், அல்லது எதுவுமே சொல்லமாட்டான். கொட்டாவி, வெளுத்த முகம், எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, துறுதுறுவென்று இருந்தவன் திடீரென்று அடங்கிப்போவது: சொல்லுக்குப் பதில் இவைதான் வரும். எங்களுக்கு இவற்றில் மூன்று வந்தன. அமைதியாகிவிட்டான் என்று நாங்கள் நிம்மதி அடைந்த அந்த எட்டு நிமிடம்தான் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டிய நேரம்.

ஓட்டியவள் என்ற முறையில் நான் செய்ததையும் இங்கே எழுத வேண்டும். பின்னால் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பிப் பார்த்தேன். வேகம் 40 கி.மீ. அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 11 மீட்டர் நகரும். மூன்று நொடியாவது திரும்பியிருப்பேன். வளைவுப் பாதையில் 33 மீட்டர் நான் சாலையைப் பார்க்கவில்லை. வாந்தியால் பிள்ளைக்கு வந்த ஆபத்தைவிட அந்த 33 மீட்டரில் மூவருக்கும் இருந்த ஆபத்து பெரியது. பிள்ளை தொண்டை அடைக்காமல் தலையை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொள்ளப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். நான் திரும்பி என்ன செய்துவிட முடியும்?

ஜல்லி மேட்டில் 33 நிமிடம்

8:22-க்கு முதலில் கண்ணில் பட்ட அகலமான ஓரத்தில் நிறுத்தினேன். யாரோ கட்டட இடிபாட்டைக் கொட்டி வைத்திருந்த இடம். சக்கரத்துக்கு அடியில் ஜல்லி நொறுங்கும் சத்தம் கேட்டது. இன்னும் 300 மீட்டர் போயிருந்தால் மரநிழலோடு சுத்தமான இடம் இருந்தது, திரும்பக் கிளம்பியபோதுதான் அதைப் பார்த்தோம்.

மாற்றுடை டிக்கியில் எல்லாப் பைகளுக்கும் அடியில் இருந்தது. அவர் பைகளை இறக்கினார். நான் பிள்ளையைத் துடைத்து, சட்டையைக் கழற்றினேன். இருக்கை முழுக்கப் பால் நாற்றம். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அந்த நாற்றத்தில் மறுபடி குமட்டுமே என்ற பயத்தில், உறையைக் கழற்றி உதறிக் கழுவிவிடலாம் என்று முடிவு செய்தேன். என் முடிவுதான் அது, அவர் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னார்.

எங்கள் இருக்கையில் உறையைக் கழற்ற வேண்டுமானால் தோள்பட்டைகளை அவிழ்த்தாக வேண்டும். இருக்கையின் பின்புறம், கீழே, கையகல உலோகத் தகடு ஒன்று உண்டு. இரண்டு தோள்பட்டைகளின் நுனியில் இருக்கும் வளையங்களும் அதன் இரு பக்கக் கொக்கிகளில் மாட்டியிருக்கும். முன்னால் தொங்கும் வாரை இழுத்தால் இந்தத் தகடுதான் கீழே இறங்கி, இரண்டு பட்டையையும் ஒரே அளவில் இறுக்கும். வளையங்களைக் கழற்றி, பட்டைகளை முன்பக்கமாக உருவினேன். கழற்றுவதற்கு முன் ஒரு படம் எடுத்திருந்தால் போதும். கையேடு வீட்டு அலமாரியில் இருந்தது. இத்தனைக்கும் அதை வைப்பதற்கென்றே இருக்கையின் அடியில் ஒரு இடுக்கு இருக்கிறது.

உறையைப் பிழிந்து, ஈரத்தோடே மாட்டினோம். அவர் முன்பக்கம், நான் பின்பக்கம். இடது பட்டையைத் துளைக்குள் விட்டு, வளையத்தைக் கொக்கியில் மாட்டினேன். வலது பட்டையை எடுத்தபோது மகன் சாலைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டான். வெறும் உடம்போடு, கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு, தன்பாட்டுக்கு. இருக்கையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கினேன். அதே நேரம் ஒரு லாரி கடந்து போனது. "பின்னாடி மாட்டிட்டியா?" என்று அவர் கேட்டார். "ஒண்ணு மாட்டிட்டேன், இருங்க" என்றேன். லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டது "மாட்டிட்டேன்" மட்டும்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது அவர் வலது பட்டையை அருகில் இருந்த துளைக்குள் நுழைத்து, இருக்கையை நிமிர்த்தி, காரில் பொருத்திக்கொண்டிருந்தார். பின்பக்கம் பார்த்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அவர் நுழைத்த துளை, இருக்க வேண்டியதற்கு ஒரு படி கீழே. வலது வளையம் தகட்டுக்கும் இருக்கை முதுகுக்கும் நடுவே வெறுமனே செருகிக்கொண்டு நின்றது.

மகனை உட்கார வைத்து, பட்டையை முன்னால் பூட்டி, வாரை இழுத்தோம். இறுகியது. இதைத்தான் நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன்: ஏன் இறுகியது? இடது பட்டை உண்மையாகவே இறுகியது. வலது, செருகிய இடத்தில் சிக்கிக்கொண்டு, இறுகியது போல் நின்றது. மெதுவாக இழுத்தால் பிடித்துக்கொள்ளும், வெடுக்கென்று இழுத்தால் வந்துவிடும். பட்டை வேலை செய்ய வேண்டியதோ அந்த வெடுக்கென்ற இழுப்பின்போதுதான்.

8:55-க்குக் கிளம்பினோம். கிளம்பியதும் தாகமாக இருக்குமே என்று ஒரு கோப்பைத் தண்ணீரை மொத்தமாகக் குடிக்கக் கொடுத்தார் அவர். 9:07-க்கு அதுவும் வெளியே வந்தது, நல்லவேளையாகத் துண்டில். வாந்தி எடுத்த வயிற்றுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்து, பிறகு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., சில நிமிடம் விட்டு இன்னொரு தேக்கரண்டி என்று கொடுத்திருந்தால் தங்கியிருக்கும்.

டயர்

இது நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 9:35-க்கு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தது. பின் டயரில் ஓர் ஆணி, தலையில் சிமென்ட் ஒட்டிய ஆணி. ஜல்லி மேட்டில் ஏறியது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஸ்டெப்னி டிக்கியின் அடித்தளத்தில், மறுபடியும் எல்லாப் பைகளுக்கும் அடியில். எங்களுடையது மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி. அதற்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்று அதன் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் காற்று பார்த்ததில்லை. கொஞ்சம் குறைந்திருந்தது, மணிக்கு 50-க்கு மேல் போகாமல் ஓட்டினேன்.

இதில் எனக்குச் சரியாகப் பட்ட ஒரே காரியம், சாலையிலிருந்து நன்றாக விலகி, கெட்டியான தரையில் நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டது. தவறிய காரியம், பிள்ளையைக் காருக்குள்ளேயே விட்டது. சக்கரம் மாற்றும்போது காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. சாலையிலிருந்து தள்ளி, தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். பெரியவர்கள் இருவர் இருந்தால் ஒருவருக்குப் பிள்ளை மட்டுமே வேலை. எங்களில் அவர் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார், நான் பைகளை இறக்கி முக்கோணப் பலகையைத் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு என்று யாரும் இல்லை.

ஒன்பது நிமிடம்

மகன் இருக்கையில் அழுதுகொண்டிருந்தான். சாலைக்கு மறுபக்கக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தோம். அவன் கைக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று அவர் சாவியைக் கொடுத்தார். வீட்டில் பலமுறை கொடுத்ததுதான். அழுகை நின்றது. ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பிள்ளை மேல் படுமே என்று அவர் கதவை முழங்கையால் தள்ளிச் சாத்தினார். கண்ணாடிகள் ஏசிக்காக ஏற்கெனவே ஏற்றியிருந்தன. டிக்கியை நான் அப்போதுதான் மூடியிருந்தேன். 9:52-க்கு நான்கு கதவிலும் 'டக்' என்று ஒரே சத்தம்.

மாற்றுச் சாவி என் கைப்பையில். கைப்பை முன் சீட்டில்.

கார் காட்டிய வெளி வெப்பம் 31 டிகிரி. மூடிய காரில் சூடு எப்படி ஏறும் என்று அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்தது: வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்த நாளிலும் ஒரு மணி நேரத்தில் உள்ளே 47 டிகிரி வரை போனது. ஏறும் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். இவனோ ஏற்கெனவே இரண்டு முறை வாந்தி எடுத்து உடலில் தண்ணீர் குறைந்தவன்.

இந்த எண்கள் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவன் நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டிருந்தது. 9:54-க்கு உதவி எண்ணுக்குப் பேசினேன், வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். "பத்து மணி வரைக்கும் பார்ப்போம், அப்புறம் உடைச்சிடறேன்" என்றார் அவர், வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு. அந்தக் கெடுவை அவர் வைத்தது எனக்குத் தெம்பாக இருந்தது. கெடு இல்லாவிட்டால் 'இன்னும் ஒரு நிமிடம்' என்று இழுத்துக்கொண்டே இருந்திருப்போம். உடைப்பதானால் பிள்ளைக்கு மிகத் தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியை, அதன் மூலையில் அடிக்க வேண்டும். முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடி, லேசில் உடையாது. பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

பிள்ளை மயங்குகிறான், கூப்பிட்டால் பார்க்கவில்லை, தோல் காய்ந்து சிவக்கிறது என்றால் கெடுவும் கிடையாது, அந்த நொடியே உடைக்க வேண்டும். அவசர எண்ணையும் அழைக்க வேண்டும்.

நான் அவன் பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டேன். சாவியில் பூட்டுப் படம் போட்ட பொத்தான்கள் இரண்டு, ஒன்று மூடிய பூட்டு, ஒன்று திறந்த பூட்டு. மூன்று வயதுக்கு இரண்டும் ஒன்றுதான். "கண்ணா, பொத்தானை அமுக்கு. கார் பேசுமே, அது" என்றேன். அமுக்கினான். இண்டிகேட்டர் ஒருமுறை மின்னியது: பூட்டு. பூட்டின காரையே பூட்டினான். சிரித்தான். மறுபடி அமுக்கச் சொன்னேன். இந்த முறை இரண்டு மின்னல், 'டக்' என்று திறந்தது. கைப்பிடியை நான் பிடிப்பதற்குள் அடுத்த பொத்தானையும் அமுக்கிவிட்டான். கார் பேசுவது அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

அதன்பின் நான் செய்தது ஒன்றுதான். கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடியே நின்றேன், கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவர் எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சில கார்களில் இழுத்துப் பிடித்திருந்தால் பூட்டு விடுபடாது, இழுப்பைத் தளர்த்தித் தளர்த்தி மறுபடி இழுக்க வேண்டும். எங்கள் காரும் அந்த வகைதான், அதையும் அப்போதுதான் கற்றோம். நான் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கொடுக்க அவன் அமுக்கினான். 10:01-க்கு அவர் பக்கக் கதவு திறந்தது.

அவனைத் தூக்கி நிழலுக்கு ஓடினோம். சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாகத் தண்ணீர். பத்து நிமிடத்தில் வழக்கம்போல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான். டயரை மாற்றி 10:40-க்குக் கிளம்பினோம். மறுபடி அதே இருக்கை, அதே பட்டை. அப்போதும் நாங்கள் இருவரும் பட்டையைப் பார்க்கவில்லை.

ஒரே மனிதரின் இரண்டு விளக்கங்கள்

இதையெல்லாம் எழுதி முடித்தபின் படிக்கத் தொடங்கினேன். ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் பெயர் இரண்டு இடத்தில் எதிர்ப்பட்டது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1970-களில் பயணக் குமட்டலை ஆராய்ந்து, கண்ணும் உள்காதும் தரும் செய்திகள் மூளை எதிர்பார்ப்பதோடு பொருந்தாதபோது குமட்டுகிறது என்ற விளக்கத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர். அதே மனிதர்தான் 1990-களில் விபத்துகளைப் பற்றிய இன்னொரு விளக்கத்தால் உலகம் முழுக்க அறியப்பட்டார்: ஒவ்வொரு பாதுகாப்பும் ஓட்டைகள் உள்ள ஒரு பாலாடைக்கட்டித் துண்டு மாதிரி. பல துண்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றின் ஓட்டையை அடுத்தது மறைக்கும். எல்லா ஓட்டைகளும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் விபத்து ஊடே புகுந்து வெளியே வரும். விமானம், மருத்துவமனை என்று எங்கும் இந்த உருவகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

என் மகனின் வாந்தியையும் அன்றைய நாள் முழுவதையும் ஒரே மனிதரின் இரண்டு விளக்கங்களில் வைத்துப் பார்க்க முடிந்தது எனக்குப் பெரிய உதவி. தாமதம், அதனால் அவசரமாகக் குடித்த பால். பால், திரை, வளைவு சேர்ந்து வாந்தி. வாந்தியால் ஜல்லி மேடு, அதனால் ஆணி. உறையைக் கழுவியதால் பட்டை. ஆணியால் சாவி. இதுவரை எல்லோரும் சொல்வதுதான், ஒன்றிலிருந்து ஒன்று. ஆனால் அடுக்கி வைத்துப் பார்த்தபோது என்னை உலுக்கியது வேறு. வாந்திக்கு நாற்றம் இருந்தது, டயர் ஸ்டியரிங்கை இழுத்தது, பூட்டு 'டக்' என்றது. எல்லாமே தன்னைத் தானே சொல்லிக்கொண்டன, நாங்களும் ஓடி ஓடிப் பார்த்தோம். பட்டை எதுவும் சொல்லவில்லை. அன்று நடந்தவற்றில் உயிர் போயிருக்கக்கூடிய நீளமான நேரம் அதுதான்: பூட்டு ஒன்பது நிமிடம், பட்டை 70 கிலோமீட்டர்.

50 கி.மீ. வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். மூன்று மாடி. என் பிள்ளை அந்த 70 கிலோமீட்டரும் மூன்றாம் மாடி விளிம்பில் ஒற்றைத் தோள்பட்டையோடு உட்கார்ந்திருந்தான், நான் முன்னால் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டைக்குக் காரணம் அலட்சியம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் வேலையைப் பாதியில் விட்டது பிள்ளை சாலைக்குப் போனதால். அதை நூறு முறையும் அப்படியேதான் செய்வேன். தவறு திரும்பி வந்தபின் நடந்தது. விட்ட இடம் எது என்று இருவருக்கும் தெரியவில்லை, ஆளுக்கொரு இடத்திலிருந்து தொடர்ந்தோம். விமானிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது இதற்கு நேர் எதிர்: சரிபார்க்கும்போது நடுவில் குறுக்கீடு வந்தால், விட்ட இடம் நிச்சயமாகத் தெரியாவிட்டால் முதலிலிருந்து தொடங்கு. கைக்குழந்தையோ சிறு பிள்ளையோ இருக்கும் வீட்டில் எந்த வேலைதான் குறுக்கீடு இல்லாமல் முடிகிறது? பாதியில் விடுவது எங்கள் அன்றாடம். அதனால்தான் இந்தப் பழக்கம் விமானியைவிட எங்களுக்கு அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

அதன்பின்

அன்று மாலையே தயாரிப்பாளரின் கையேட்டைக் கைபேசியில் இறக்கி, போன வீட்டுத் திண்ணையில் இருக்கையை முழுதாகப் பிரித்து மாட்டினோம். ஒருவர் வாசிக்க, ஒருவர் மாட்ட. பிள்ளை வேறொருவர் பொறுப்பில். முன்பக்கம் பார்க்கும் இருக்கையில் பட்டை வெளிவரும் துளை தோளுக்கு நேராகவோ சற்று மேலேயோ இருக்க வேண்டும் என்பதை அப்போதுதான் வரி வரியாகப் படித்தேன். பட்டையைச் சோப்புத்தூளில் ஊற வைக்கவோ, வெளுக்கும் மருந்து போடவோ கூடாது, இழை வலுவிழக்கும் என்றும் அதிலேயே இருந்தது. ஈரத்துணி போதும்.

இப்போது வழியில் வாந்தி எடுத்தால் பட்டையை அவிழ்ப்பதில்லை. நாற்றத்தோடு போகிறோம், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு. துண்டு ஒன்று எப்போதும் அவன் மடியில் கிடக்கும். பட்டையைப் பூட்டிய பிறகு மேலே போடுவது, உடம்புக்கும் பட்டைக்கும் நடுவே வைப்பதில்லை, வைத்தால் பட்டை தளர்ந்துவிடும். மாற்றுடைப் பை முன் சீட்டின் காலடியில். கைபேசி கிடையாது; சன்னலுக்கு வெளியே சுட்டிக் காட்டி விளையாடுகிறோம். சாவி ஓட்டுபவர் சட்டைப் பையில், எந்த நேரத்திலும் பொம்மையாகப் போவதில்லை. குமட்டல் மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்டோம். இரண்டு வயதுக்குக் கீழ் கூடவே கூடாது, மேலே என்றாலும் எடைக்கேற்ற அளவை அவர்தான் சொல்ல வேண்டும், சில பிள்ளைகள் அதைக் குடித்துத் தூங்காமல் துள்ளும், அதனால் முதல் முறை வீட்டில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள் என்றார். எங்களுக்கு இன்னும் தேவைப்படவில்லை.

பட்டைக்கு ஒரு சோதனை உண்டு. பூட்டி இறுக்கிய பின், கழுத்துக்குக் கீழே இருக்கும் காறையெலும்புக்கு மேல் பட்டையை இரு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். மடிப்பு விரலில் சிக்கினால் தளர்வு. அத்துடன் பட்டையை வெடுக்கென்று ஒருமுறை முன்னால் இழுத்துப் பார்க்கிறோம், இரண்டு பக்கமும். முதலில் ஒருவர், பிறகு மற்றவர். "அவர் பார்த்திருப்பார்" என்பது எங்கள் வீட்டில் இனிமேல் இல்லை.

போன வாரம் நான் ஒரு பக்கம் மட்டும் கிள்ளிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். மகன் கையை நீட்டித் தடுத்தான். கழுத்தைச் சாய்த்து, மறுதோளைக் காட்டி, "அம்மா, இங்க கிள்ளலை" என்றான்.